பெட்டி இல்லாமல் வந்தவர்

வீட்டுக்கு யார் வந்தாலும் நான் முதலில் அவர்கள் கையைத்தான் பார்ப்பேன். என்ன பை, என்ன பெட்டி, கைப்பிடி பிய்ந்திருக்கிறதா, ஜிப் மூடுகிறதா என்றெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் முகத்துக்கு வருவேன். என்ன கொண்டுவந்திருக்கிறோம் என்று பார்க்கிற ஆசைக்காரி என்று என் மாமியார் வீட்டில் வெகுகாலம் பேசிக்கொண்டார்கள். நான் மறுத்ததில்லை. ஆசைக்காரி என்று பெயர் வாங்குவது உண்மையைச் சொல்வதைவிட எளிது. ஒன்பது வயதில் எனக்கு அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள், நானும் நன்றாகவே கற்றுக்கொண்டேன் என்பதுதான் உண்மை. அந்தப் படிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. என் மகன் தாராவியில் பிறந்து இங்கிலீஷில் படித்தவன். தமிழ் பேசுவான்; எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவனுக்கு வேர்த்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

என் வாப்பாவும் உம்மாவும் அப்போது குவைத்தில் இருந்தார்கள். வாப்பா ஒரு பணக்கார அரபி வீட்டில் டிரைவர். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போனவர். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் ஒரு லீவில் வந்து போனார். தம்பி தவழ ஆரம்பித்ததும் உம்மாவும் போய்விட்டாள். வேறொரு அரபி வீட்டில் அவர்களுடைய பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சோறூட்டித் தூங்க வைக்கிற வேலை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நாங்கள் தாராவியில், உம்மாவின் தம்பியான எங்கள் மாமா வீட்டில், தானே வளர்ந்துகொண்டிருந்தோம்.

குறை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் தெருவில் எங்களுக்குத்தான் மரியாதை. கொவைத்துப் பிள்ளைகள் என்று பெயர். எங்கள் மேல் அடிக்கிற சோப்பு வாசனை வேறு, எங்கள் பென்சிலின் நுனியில் ரப்பர் வேறு. சுவரில் வாப்பாவின் போட்டோ ஒன்று மாட்டியிருக்கும். கறுப்புக் கண்ணாடி, கட்டை மீசை, நீளமான வெள்ளைக் காரில் சாய்ந்துகொண்டு ஒரு நிற்பு. அந்தக் கார் அவருடையது என்றுதான் நான் நினைத்திருந்தேன், அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லியும் வைத்திருந்தேன்.

மாமாவுக்குப் பெட்டி தைக்கிற தொழில். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் வாங்குவார்களே, அட்டை வைத்து ரெக்சின் தைத்த பெரிய பெட்டி, அது. எங்கள் சந்திலேயே நாலு வீடு தள்ளி ஒரு சின்னக் கார்கானா வைத்திருந்தார். கீழே இரண்டு மெஷின். ஏணி வைத்து ஏறினால் நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு பரண், அதில் அட்டையும் வெட்டிய துண்டுகளும் கிடக்கும். வாப்பா கொண்டுபோன பெட்டியும் மாமா தைத்ததுதான். காப்பிப்பொடி நிற ரெக்சின், ஓரமெல்லாம் மஞ்சள் நூலில் இரட்டைத் தையல். மற்றவர்கள் ரெக்சினின் நிறத்திலேயே நூல் போடுவார்கள். விமான நிலையத்தில் ஆயிரம் பெட்டி சுற்றி வரும்போது மச்சானுக்குத் தன் பெட்டி தெரிய வேண்டும் என்று மாமா மஞ்சள் போட்டாராம். இதை வாரம் ஒரு முறையாவது யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த ஆகஸ்டில் ஈராக் பட்டாளம் குவைத்துக்குள் புகுந்தது. எனக்கு யுத்தம் என்றால் முதலில் தெரிந்தது டெலிபோன் கடைதான். மாமா எங்களையும் கூட்டிக்கொண்டு போவார், கடைக்காரர் நம்பரைச் சுற்றுவார், காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "லைன் நஹி ஹை" என்று ரிசீவரை வைத்துவிடுவார். நாங்கள் திரும்பி வருவோம். மறுநாளும் போவோம். ஒரு வாரத்தில் கடைக்காரர் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே தலையை ஆட்டிவிடுவார், படி ஏற வேண்டிய வேலைகூட இல்லாமல் போயிற்று.

அங்கே குண்டு விழுந்ததும் இங்கே மெஷின் நின்றது. வளைகுடாவுக்குப் போகிறவனே இல்லாதபோது பெட்டி எவனுக்கு? மாமா காலையில் கார்கானாவைத் திறந்து, மெஷினுக்கு எண்ணெய் விட்டு, மத்தியானம் பூட்டிவிட்டு வருவார். வீட்டில் சோறு கஞ்சியாயிற்று. மாமி வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. தன் பிள்ளைகள் இரண்டுக்கும் ஊற்றிய கரண்டியால்தான் எங்களுக்கும் ஊற்றினாள். கரண்டியில் வருவதுதான் நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டே போனது. தெருவில் எங்களைக் கொவைத்துப் பிள்ளைகள் என்று கூப்பிடுவது நிற்கவில்லை. சொல்கிற விதம் மட்டும் மாறிவிட்டது. முன்பு அந்தப் பெயரைச் சொன்னதும் என் கையைப் பார்த்தவர்கள், இப்போது மாமியின் முகத்தைப் பார்த்தார்கள்.

தப்பிப் பாலைவனத்தைக் கடந்து ஜோர்டானுக்குப் போனவர்களை விமானத்தில் ஏற்றிப் பம்பாய்க்குக் கொண்டுவருகிறார்கள் என்று பிறகு ஒரு நாள் செய்தி வந்தது. அன்று மத்தியானமே மாமா எங்கள் இரண்டு பேரையும் குளிப்பாட்டி, பெருநாள் சட்டை போட்டு, சயானில் பஸ் ஏற்றி சஹார் விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பஸ்ஸிலேயே எனக்குப் பாடம் ஆரம்பித்துவிட்டது.

"மூஞ்சியப் பாக்காத ட்டீ. மூஞ்சி மாறிப்போயிருக்கும். தாடி வச்சிருப்பாஹ, மெலிஞ்சிருப்பாஹ, கறுத்திருப்பாஹ. எந் தையலு மாறாது. பெட்டியப் பாரு. மஞ்ச நூலத் தேடு."

"பெட்டிய அங்கனயே விட்டுட்டு வந்துட்டாஹன்னா?"

"மச்சான் எத விட்டாலும் பெட்டிய விட மாட்டாஹ," என்றார் மாமா. தன் தையல் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

வாசலில் ஒரே கூட்டம். மலையாளமும் தமிழும் தெலுங்கும் இந்தியுமாகப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் மாட்டுங்காவிலிருந்து வந்த நம் ஆட்கள் மேசை போட்டு, திரும்பி வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சோற்றுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எலுமிச்சைச் சோறு, ஓரத்தில் உருளைக்கிழங்கு. கறிவேப்பிலை வாசனை வந்ததும் தம்பி அழ ஆரம்பித்துவிட்டான். நாலு வயதுப் பிள்ளை, பசி. எதிரே வந்த ஒருவர் அவனைப் பார்த்தார். கையில் பெட்டி இல்லை, ஒரு பிளாஸ்டிக் உறை மட்டும். "மோனே, எந்தினா கரையுன்னே?" என்று, ஏன் அழுகிறான் என மலையாளத்தில் கேட்டு, தன் பொட்டலத்தை அவன் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மாமா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் யோசிக்கும்போது கீழ் உதட்டைக் கடிப்பார். அன்று வெகுநேரம் கடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து அது ஏற்பாடாகிவிட்டது.

துபாய், சவுதி விமானங்களில் வருகிறவர்கள் தள்ளுவண்டியில் டிவிப் பெட்டியும் கயிறு கட்டிய மூட்டையுமாக வருவார்கள். அவர்களிடம் போகக் கூடாது. வெறுங்கையோடு வருகிறவர்கள்தான் குவைத்துக்காரர்கள், பொட்டலமும் அவர்கள் கையில்தான் இருக்கும். தம்பி ஓடிப்போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு "வாப்பா" என்று அழ வேண்டும். நான் பின்னாலேயே போய் அவனைப் பிரித்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் தனியாக இருந்தால்தான் மனம் இளகும் என்று மாமா டாக்சிகள் நிற்கும் பக்கம் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

"இது பிச்ச இல்ல," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "நீங்களும் கொவைத்துப் பிள்ளையதானே. அந்தச் சோறு ஒங்களுக்குள்ளதுதான்."

சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை, பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எடுத்த எடுப்பில் சத்தம் போட்டால் ஆள் மிரண்டு ஒதுங்கிவிடுவார். முதலில் கீழ் உதடு, அப்புறம் மூக்கு, கண்ணீர் கடைசியில்தான் வர வேண்டும். சொல்கிற பேச்சு பாதியில் உடைய வேண்டும். முதலில் உம்மாவை நினைத்துக்கொண்டுதான் அழுதேன். நாளாக ஆக உம்மாவை நினைக்காமலே வந்தது. தம்பிக்கு அழுகை வராத நாளில் நான் அவன் தொடையில் கிள்ளுவேன். பொட்டலங்களை மாமா ஒரு துணிப்பையில் போட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் மாமி அவற்றைப் பிரித்து ஒரே தட்டில் கொட்டி, ஆறு பேருக்கும் பங்கு வைப்பாள். எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டதில்லை.

சொல்லக் கூசுவதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. எலுமிச்சைச் சோறு பிடித்திருந்தது, சில நாள் கிடைக்கிற ஜாம் தடவிய ரொட்டி அதைவிடப் பிடித்திருந்தது, பெரிய மனிதர்களின் குரல் எனக்காகத் தழுதழுப்பது எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது. இரவு படுக்கும்போது மாமி எங்களைக் கை ஏந்தச் சொல்லி, "யா அல்லாஹ், எங்க உம்மாவையும் வாப்பாவையும் சொகமாக் கொண்டுவந்து சேரு" என்று சொல்லிக்கொடுப்பாள். நான் அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, மனசுக்குள் 'நாளைக்கு வேண்டாம், நாளை மறுநாள்' என்று சேர்த்துக்கொள்வேன். வாப்பா வந்துவிட்டால் விமான நிலையம் நின்றுபோய்விடுமே. பெற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாத காலத்தில், ரொட்டிக்காக ஒரு நாள் தவணை கேட்ட பிள்ளை நான்.

என் தலைக்குள் அப்போது கணக்கு சுலபமாக இருந்தது. பெட்டி இருந்தால் வாப்பா. பெட்டி இல்லாவிட்டால் பொட்டலம். இடுப்புக்கு மேலே நான் யாரையும் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் நல்ல மழை. அசர் தொழுதுவிட்டு வருகிறேன் என்று மாமா எங்களைத் தடுப்பின் ஓரத்தில் நிறுத்திவிட்டுப் போனார். அந்த நேரத்தில் ஒரு கூட்டம் வெளியே வந்தது. அதில் ஒருவர் கடைசியாக, மெதுவாக நடந்து வந்தார். இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்பு. ஒன்றின் வார் அறுந்து சணல் போட்டுக் கட்டியிருந்தது. யாரோ கொடுத்த பெரிய அளவுக் கால்சட்டையை ஒரு கையால் இடுப்பில் பிடித்திருந்தார். மற்றக் கையில் சோற்றுப் பொட்டலம். பெட்டி இல்லை, பிளாஸ்டிக் உறைகூட இல்லை.

நான் தம்பியைக் கிள்ளினேன். அவன் ஓடிப்போய் அந்த முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, "வாப்பா, வாப்பா" என்று அழுதான்.

கால்கள் அப்படியே நின்றுவிட்டன. நான் போய்த் தம்பியைப் பிரித்தேன்.

"மன்னிச்சிக்கிடுங்க சாச்சா. தம்பிக்கு வெவரம் தெரியாது. யாரப் பாத்தாலும் வாப்பாங்கான். எங்க வாப்பாவும் உம்மாவும் கொவைத்துல இருக்காஹ, இன்னும் வரல்ல. நீங்க அங்கன எங்கயாவது பாத்தீங்களா? நாங்க காலைலருந்து சாப்டல்ல." சரியான இடத்தில் குரல் உடைந்தது. கண்ணீரும் வந்தது.

அவர் கை நீளவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் பொட்டலம் வந்துவிடும். இந்த ஆள் கருமியோ என்று நினைத்தேன்.

"ஒங்க வாப்பாவப் பாத்தா ஒனக்கு அடையாளம் தெரியுமா?" என்று கேட்டார். தொண்டை கட்டிப்போன குரல், மணலை விழுங்கியவர் மாதிரி.

"ஓ, நல்லாத் தெரியும். பெட்டியோட வருவாஹ. காப்பிக் கலர் பெட்டி, மஞ்ச நூலு தச்சிருக்கும். எனக்குத் தூங்குற பொம்ம, தம்பிக்குச் சாவி காரு, எல்லாம் அதுக்குள்ள இருக்கும்."

பொம்மை, கார் பற்றி அதற்கு முன்பு நான் யாரிடமும் சொன்னதில்லை. படுக்க வைத்தால் கண்ணை மூடுகிற பொம்மை ஒன்றைக் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து, எனக்குள்ளேயே வைத்திருந்த ஆசை அது. அவர் பேச்சுக் கொடுத்ததும் வாயில் வந்துவிட்டது.

"பெட்டி இல்லாம வந்தா?"

"பெட்டி இல்லாம எங்க வாப்பா வர மாட்டாஹ," என்றேன்.

அந்தக் கை தம்பியின் தலைக்கு மேலே வந்தது. தொடவில்லை. பிறகு பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, செருப்புச் சணல் தண்ணீரில் இழுபட மழைக்குள் போனார். தம்பி என் கையை உதறிக்கொண்டு அவர் பின்னால் இரண்டடி ஓடினான். சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். ஒரே ஆளிடம் இரண்டு தடவை கேட்கக் கூடாது என்பது மாமா போட்ட விதி.

மாமா வருவதற்கு அன்று வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது அவருடைய சட்டைக் காலர் கிழிந்து தொங்கியது, இரண்டு பித்தான்களைக் காணோம். கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன் என்றார். கண் சிவந்திருந்தது. பஸ்ஸில் என்னைத் தன் மடியில் உட்கார்த்திவைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஒன்பது வயதுப் பெண்ணை யாரும் மடியில் வைப்பதில்லை. இனிமேல் நாம் ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டாம் என்று சயான் வந்ததும் சொன்னார். நான் உண்மையாகவே அழுதேன்.

அடுத்த இரண்டு நாளும் கார்கானாவில் மெஷின் ஓடியது. பெட்டிக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்றார் மாமா. மத்தியானம் நான்தான் டப்பாவில் சோறு கொண்டுபோவேன். "இது பத்தாது, இன்னொரு டப்பா கொண்டா" என்று அவர் என்னைத் திரும்ப அனுப்பினார். வேலை செய்தால் பசிக்கத்தான் செய்யும் என்று மாமியும் ஒன்றும் கேட்காமல் ஊற்றிக் கொடுத்தாள். அவள் கையில் எப்போதும் கிடக்கிற இரண்டு வளையல் அன்று இல்லை. கை வீங்கியிருக்கிறது, கழற்றி வைத்திருக்கிறேன் என்றாள். டப்பாவை வைத்துவிட்டு நான் பரணில் ஏறி விளையாடப் போனேன். ஏணியில் கால் வைத்ததும் மாமா என்றைக்கும் இல்லாத வேகத்தில் என்னைத் தூக்கி இறக்கினார். மேலே எலி மருந்து வைத்திருக்கிறாராம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தெருமுனையில் ஒரு டாக்சி வந்து நின்றது. நான் குழாயடியில் இருந்தேன். டாக்சியின் தலையில் காப்பிப்பொடி நிறப் பெட்டி. ஓரமெல்லாம் மஞ்சள் நூல்.

"மஞ்ச நூலு! எங்க வாப்பா வந்துட்டாஹ!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். டாக்சியிலிருந்து இறங்கிய ஆளைத் தாண்டிக்கொண்டு போய்ப் பெட்டியைத்தான் முதலில் தொட்டேன். தெரு முழுக்க அதைப் பார்த்தது. வாப்பா என்னைத் தூக்கிய பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். வழித்த முகம், மெலிந்திருந்தது, மீசை மட்டும் போட்டோவில் இருக்கிற மாதிரி. புதுச் சட்டை. தம்பி அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குக் கால்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

உம்மா எங்கே என்று மாமியின் மகள் கேட்டாள், நான் கேட்கவில்லை. "வந்துக்கிட்டு இருக்கா," என்றார் வாப்பா. அவருக்கும் அப்போது தெரியாது. உம்மா வேலை பார்த்த வீட்டார் காரில் சவுதிக்குத் தப்பியபோது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவளையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவள் வந்து சேர்ந்தது நோன்பு வைக்கிற சமயத்தில்தான்.

பெட்டியை வீட்டு நடுவில் வைத்துத் திறந்தார்கள். வாசலில் பாதித் தெரு நின்றது. பால் பவுடர் டின், ஆரஞ்சுத் தூள் பாட்டில், சோப்பு, அத்தர், தம்பிக்குச் சாவி கொடுத்தால் ஓடுகிற கார். எல்லாவற்றுக்கும் அடியில் படுக்க வைத்தால் கண்ணை மூடுகிற பொம்மை. நான் வீட்டில் யாரிடமும் சொல்லாத பொம்மை. பெட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்து, "வெளிநாட்டு வாசன" என்று எல்லாருக்கும் அறிவித்தேன். புது ரெக்சினும் சொலூஷன் பசையும் கலந்த வாசனை அது. மாமாவின் சட்டையில் தினமும் அடிக்கிறதுதான். மாமா குனிந்து தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"பாலைவனமெல்லாம் தாண்டி வந்திருக்கு, ஒரு நூலு பிரியல பாத்தியளா," என்றார் எல்லாரிடமும்.

வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு ஒரு நாள்தான் மாமா எனக்கு இதைச் சொன்னார். அப்போது அவர் பம்பாயிலேயே சீத்தா கேம்பில் மகள் வீட்டில் இருந்தார். பார்க்கப் போன என்னைப் பக்கத்தில் உட்கார்த்திவைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அன்று தொழுதுவிட்டு வந்தவரை மழையில் ஒரு ஆள் காலரைப் பிடித்து, "எம் பிள்ளையள இப்பிடி கை ஏந்த விட்டிருக்கியே ல, ஒனக்கு நெஞ்சு பதறலயா" என்று உலுக்கியிருக்கிறார். மாமா அடியை வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் உலுக்கிய கையே அவர் தோளில் சாய்ந்துவிட்டது. பழைய பெட்டி, அதில் சேர்த்து வைத்திருந்த பொருள்களோடு, பாலைவனத்தில் ஒரு லாரிக்காரனுக்குப் போய்விட்டது, ஒரு ஆள் ஏறுவதற்கு.

"வீட்டுக்கு வாங்க மச்சான்னேன். வர மாட்டேன்னுட்டாஹ. பெட்டி இல்லாம எங்க வாப்பா வர மாட்டாஹன்னு எம் மக சொல்லுதா, நான் எப்பிடி வாறதுன்னாஹ. பரண்ல ரெண்டு நாளு படுத்திருந்தாஹ. நான் தச்சேன். நூலுக்கு மெழுகு தேச்சுக் குடுத்தது மச்சான்தான். நீ டப்பா கொண்டுவந்து பாட்டுப் பாடிக்கிட்டு நிப்ப. மேல மூச்சு விடாமப் படுத்துக் கெடப்பாஹ."

பெட்டி பழசாகத் தெரிவதற்காக மணல் போட்டுத் தேய்த்து, டீத்தண்ணீர் தெளித்தார்களாம். சாமான் எல்லாம் பம்பாய்க் கடைத்தெருவில் வாங்கியது, மாமியின் வளையலை விற்று. மாமிக்கு எல்லாம் தெரியும். தெருவில் பாதிப் பேருக்கும் தெரிந்திருக்கும், தாராவியில் ஒரு தையலை எந்த மெஷின் போட்டது என்று தெரியாத ஆள் உண்டா. ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. ஏமாந்தது நான் ஒருத்திதான், என்னை ஏமாற்றத்தான் அத்தனை பேரும் சேர்ந்து வேலை செய்தார்கள்.

அதைக் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது விமான நிலையம் இல்லை. பெட்டி திறந்த அன்று, கூட்டம் கலைந்த பிறகு நடந்தது.

வாப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் தம்பி. அவருக்கு நானும் எதையாவது கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பொம்மை கொண்டுவந்த வாப்பாவுக்குக் கொடுக்க என்னிடம் இருந்த ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான்.

"வாப்பா, நாங்க ஏர்போர்ட்டுல என்ன செஞ்சோம் தெரியுமா? நான் அழுது காட்டட்டா?"

"சும்மா கெட ட்டீ," என்றார் மாமா. அவர் அப்படிச் சீறி நான் கேட்டதில்லை.

"செய்யட்டும்," என்றார் வாப்பா.

செய்து காட்டினேன். முதலில் உதடு, அப்புறம் மூக்கு. மன்னிச்சிக்கிடுங்க சாச்சா என்று தொடங்கி, காலைலருந்து சாப்டல்ல என்பதுவரை, உடைய வேண்டிய இடத்தில் உடைந்து. மாமி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். போதாதென்று, கடைசியாகப் பார்த்த ஆளையும் நடித்துக் காட்டினேன். பாவாடையை ஒரு கையால் இடுப்பில் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து வீட்டுக்குள் நடந்தேன். மாமியின் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"கிறுக்கன் மாதிரி இருந்தான், வாப்பா. ஒரு பைகூட இல்ல. சோத்த எங்கிட்டயே குடுத்துட்டுப் போய்ட்டான்."

வாப்பா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லா அழுவுதியே, மக்களே," என்றார்.

பக்கத்தில் இருந்த பெட்டியின் ஓரத்தில் மஞ்சள் நூலை நகத்தால் நெருடத் தொடங்கினார். அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து, இன்னும் நன்றாக அழுது காட்டினேன்.